தில்லி வசந்தமும் அலுவலகக் காற்றும்

தென்னாட்டிலிருந்து தில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர் யாவரும் இந்நகரின் வசந்தத்தைப் பாராட்டாமல் இரார். கடுங்குளிர் நீங்கிக் கம்பளி உடைகள் பெட்டிக்குள் செல்லும். சாலையோரத்து இலவ மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டுச் செம்மலர் சூடி நிற்கும். பிப்ரவரியும் மார்ச்சும் இங்கே கண்ணுக்கு விருந்தான மாதங்கள். ஆயினும் அதே மாதங்களில், அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கடைகளிலும் தும்மல் ஓசை ஓயாது கேட்கத் தொடங்குகிறது. ஒருவர் தும்மி முடிப்பதற்குள் அடுத்த மேசையில் இன்னொருவர் தொடங்குகிறார். கண் சிவந்து அரிக்கிறது. மூக்கிலிருந்து நீர் வடிகிறது. பிற்பகலில் தலை கனக்கிறது. பருவம் மாறுகிறது, ஜலதோஷம் வந்துவிட்டது என்று சொல்லி நாம் அதனை விட்டுவிடுகிறோம். அது பெரும்பாலும் ஜலதோஷம் அன்று. அதனைத் தணிக்கும் வழிகளுள் பல, நாம் நாள்தோறும் எட்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் கட்டடத்திலேயே உள்ளன. அவற்றை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுவோம். எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவு சில ஆண்டுகள் ஒரு வணிகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், வாடகை இடத்தில் இயங்கி வந்தது. மதுரையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் எங்களோடு பணியாற்றினார். முதலிரண்டு வசந்தங்களை அவர் இன்பமாகவே கழித்தார். மூன்றாம் ஆண்டு மார்ச்சில் தும்மல் தொடங்கியது. நான்காம் ஆண்டில் இரவு நேரத்து இளைப்பும் சேர்ந்துகொண்டது. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வருவார். அந்த மாத்திரை தந்த தூக்கக் கலக்கத்தில், 'நீங்கலாக' என்று எழுதவேண்டிய இடத்தில் 'உட்பட' என்று எழுதிவிட்டார். அரசாங்கச் சுற்றறிக்கையில் அவ்வொரு சொல் எத்தகைய குழப்பம் விளைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரியிடம் கண்டனம் பெற்ற அன்று மாலை அவர் எங்களிடம், "சார், இந்த ஊர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று பார்க்கிறேன்" என்றார். அவருடைய ஊதியத்தை நம்பி மதுரையில் நான்கு பேர் இருந்தனர்.

முதலிரண்டு ஆண்டுகள் ஒத்துக்கொண்ட ஊர் மூன்றாம் ஆண்டில் ஒத்துக்கொள்ளாமற் போவானேன்? இதற்கு விடை ஒவ்வாமையின் இயல்பிலேயே இருக்கிறது. அலர்ஜி எனப்படும் ஒவ்வாமை முதற் சந்திப்பில் தோன்றுவதில்லை. புதிய ஊரின் மகரந்தத் தூளை உடல் முதலில் அமைதியாகவே ஏற்கிறது. ஆனால், சிலருடைய உடல் மெல்ல மெல்ல அதனைப் பகையெனக் கொண்டு, அதற்கு எதிரான பொருள்களை இரத்தத்தில் உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. பின்னர் ஒரு பருவத்தில் அதே தூள் மூக்கினுள் புகும்போது, அங்குள்ள உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அதனால் அரிப்பும், வீக்கமும், நீர்வடிதலும் உண்டாகின்றன. இந்த ஆயத்தத்திற்குச் சில பருவங்கள் ஆவதுண்டு. ஆகவேதான், வெளிமாநிலத்தில் குடியேறுவோர் பலர் வந்த சில ஆண்டுகள் கழித்தே இவ்வுபாதைக்கு ஆளாகின்றனர். இது மனத்தளர்ச்சியும் அன்று. உடலின் சோம்பலும் அன்று.

இவ்வுண்மை ஒரு நாளில் கண்டறியப்பட்டதன்று. ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கில வைத்தியர், கோடைதோறும் தமக்கே வந்த இவ்வுபாதையை 1819இல் விவரித்து எழுதினார். காரணத்தை அவர் அறிந்தாரில்லை. மான்செஸ்டர் நகரத்து வைத்தியர் சார்ல்ஸ் பிளாக்லி, மகரந்தத்தைத் தம் மூக்கிலும் கண்ணிலும் இட்டுச் சோதித்து, அதுவே காரணமென்பதை 1873இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அலர்ஜி என்னும் சொல்லை 1906இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் வியன்னா நகரத்து வைத்தியர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே. நம் நாட்டில், 1949இல் நிறுவப்பட்ட தில்லி வல்லபபாய் படேல் மார்புநோய் நிலையம் இந்நகரக் காற்றில் மிதக்கும் மகரந்தங்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. தில்லியில் மகரந்தம் மிகும் பருவங்கள் ஆண்டுக்கு இரண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மற்றொன்று.

எம்மரம் குற்றவாளி என்பதில் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பறக்கும் இலவம் பஞ்சைக் கண்டு, அதுதான் தும்மலுக்குக் காரணம் என்போர் பலர். கண்ணுக்குத் தெரியும் பஞ்சு மூக்கின் உள்ளே நெடுந்தொலைவு செல்வதில்லை. இலவம் போன்ற பெருமலர்கள் பறவைகளையும் பூச்சிகளையும் நம்பி மகரந்தத்தை அனுப்புவன. காற்றில் அதிகம் தூவுவதில்லை. நிறமும் மணமும் இன்றி, யாரும் திரும்பிப் பாராத சிறு பூக்களே காற்றை நம்பித் தம் மகரந்தத்தை அளவின்றி வாரி இறைக்கின்றன. வடநாட்டார் சில்பில் என்றும் பாப்டி என்றும் வழங்கும் ஆயா மரம் அவற்றுள் முதன்மையானது. அது பிப்ரவரியில் இலையின்றி நின்று பூக்கும். பூத்திருப்பதை மரத்தடியில் நிற்பவரும் அறியார். முசுக்கொட்டை மரமும் இவ்வாறே. தில்லியின் அரவல்லிக் குன்றுத்தொடரை நிறைத்து நிற்கும் விலாயதி கீக்கரும் ஒவ்வாமை தருவதே. அது வேறொன்றுமன்று, இராமநாதபுரத்துப் பொட்டல்களில் நாம் பார்த்துப் பழகிய சீமைக் கருவேலம்தான்.

இனி, இத்தூள் கட்டடத்தினுள் வந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். மகரந்தத் துகள் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரான் அளவினது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். இத்துகள் சன்னல் வழியாக மட்டும் வருவதில்லை. நம் உடையிலும், தலைமயிரிலும், காலணியிலும் ஒட்டிக்கொண்டு நம்மோடு மின்தூக்கியில் ஏறி வருகிறது. மற்ற நுண்தூசிகளைக் காட்டிலும் கனமானதாகையால், அசைவற்ற அறையில் சில நிமிடங்களிலேயே தரையிலும் மேசையிலும் படிந்துவிடுகிறது. படிந்த பின் அடங்கிக் கிடந்தால் தொல்லையில்லை. காலையில் விளக்குமாறு அதனை எழுப்புகிறது; பின்னர் மின்விசிறி எழுப்புகிறது; நடப்போர் கால்கள் எழுப்புகின்றன. ஒரு நாள் உள்ளே வந்த தூளை நாம் பல நாள் சுவாசிக்கிறோம்.

வெளியிலிருந்து வரும் மகரந்தத்தோடு, உள்ளேயே விளையும் பொருள்களும் சேர்கின்றன. பழைய கோப்புகளின் தூசி, தரைவிரிப்பின் அழுக்கு, ஒழுகும் குழாயருகே சுவரில் படரும் பூசணம் ஆகியவை அத்தகையன. தில்லிக்கே உரியதாக ஒன்றையும் கூறவேண்டும். கோடையில் பயன்படும் நீர்க் குளிர்விப்பானைக் 'கூலர்' என்கிறோம். குளிர்காலம் முழுவதும் மூலையில் கிடந்த கூலரை, அதன் பழைய வெட்டிவேர்த் தட்டியையோ மரச்சீவல் தட்டியையோ மாற்றாமல் ஏப்ரலில் ஓடவிட்டால், முதல் நாளிலேயே பூசண வித்துகள் அறையெங்கும் பரவிவிடும். ஹோலிப் பண்டிகையின் வண்ணப்பொடியும் இதே பருவத்தில் நம் உடைகளோடு உள்ளே வருகிறது.

இந்நிலையில் மக்கள் இரண்டு தவறுகளைச் செய்கின்றனர். ஒரு சாரார், நல்ல காற்று வரட்டும் என்று எல்லாச் சன்னல்களையும் நாள் முழுதும் திறந்து வைக்கின்றனர். வறண்ட காற்று வேகமாக வீசும் நாளில் இது மகரந்தத்திற்கு வரவேற்பு அளிப்பதாகும். மற்றொரு சாரார், எல்லாவற்றையும் இறுக மூடிக் குளிர்சாதனத்தை ஓடவிட்டு, இனித் தூய காற்றே கிடைக்கும் என்று நம்புகின்றனர். சுவரில் பொருத்தும் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. அறையில் உள்ள காற்றையே இழுத்துக் குளிரச் செய்து திரும்ப விடுகிறது. அதனுள் இருக்கும் வலை பெருந்தூசியைத் தடுக்கும். நுண்தூசி அதன் வழியே தாராளமாகச் செல்லும்.

மூடிய அறையில் வேறொரு குறையும் நேரிடுகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு உள்ளது. நாம் விடும் மூச்சில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு. பன்னிரண்டு பேர் அமர்ந்த மூடிய அறையில் அது விரைவாக ஏறுகிறது. பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டினால், அறைக்குப் போதிய புதுக்காற்று வரவில்லை என்பதற்கு அடையாளமாகப் பொறியாளர் கொள்வர். பிற்பகலில் நம்மைத் தாக்கும் தலைக்கனத்திற்கும் தூக்கத்திற்கும் மதிய உணவை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. அலுவலகம் போன்ற இடங்களில் ஒருவருக்கு வினாடிக்கு 10 லிட்டர் வீதம் வெளிக்காற்று தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

ஆகவே, திறப்பதா மூடுவதா என்னும் வினா முழுமையற்றது. வெளிக்காற்று வேண்டும், அது வடிகட்டப்பட்டு வரவேண்டும் என்பதே கொள்ளத்தக்க முடிவு. இதனைக் கட்டடத்தின் தன்மைக்கு ஏற்பச் செய்தல் இயலும்.

மத்தியக் குளிர்சாதன வசதியுள்ள பெருங்கட்டடங்களில், ஏ.எச்.யூ. என்று பணியாளர் வழங்கும் பெரும்பெட்டி ஒன்று மாடிதோறும் இருக்கும். வெளிக்காற்றும் அறைக்காற்றும் அதனுள் கலந்து, வடிகட்டியின் வழியாகச் சென்று, குளிர்ந்து அறைகளை அடைகின்றன. வடிகட்டிகளை 'மெர்வ்' என்னும் எண்ணால் தரம் பிரிக்கின்றனர். மெர்வ் 8 தரமுள்ள வடிகட்டி, 3 முதல் 10 மைக்ரான் வரையுள்ள துகள்களில் நூற்றுக்கு 70 பங்காவது பிடிக்கும். மெர்வ் 13 தரமுள்ளது அவற்றுள் 90 பங்கையும், 1 முதல் 3 மைக்ரான் வரையுள்ளவற்றில் 85 பங்கையும் பிடிக்க வல்லது. மகரந்தம் இவற்றினும் பெரிதாகையால் எளிதில் அகப்படும். பூசண வித்துகளும் தில்லியின் புகைத்தூசியும் கருதியே உயர்ந்த தரம் வேண்டப்படுகிறது. ஆனால் அடர்ந்த வடிகட்டியைத் தள்ளும் வலிமை விசிறிக்கு உண்டா என்பதைப் பொறியாளரைக் கேட்ட பின்னரே மாற்றவேண்டும். இல்லையேல், காற்றோட்டமே குறைந்துவிடும். சட்டத்திற்கும் வடிகட்டிக்கும் இடையே இடைவெளி இருந்தால், காற்று அவ்வழியே நுழைந்துவிடும். விலையுயர்ந்த வடிகட்டி வாங்கியும் பயனில்லை. மேலும், செலவு மிச்சமென்று வெளிக்காற்று வாயிலை அடைத்துவிட்டுக் கழிப்பறை விசிறிகளை மட்டும் ஓடவிடும் கட்டடங்கள் உண்டு. அங்கே விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக, கதவிடுக்குகளின் வழியே வடிகட்டாத காற்று உள்ளே இழுக்கப்படும். உள்ளே விடும் காற்று, வெளியேற்றும் காற்றைவிடச் சிறிது மிகுந்திருக்க வேண்டும் என்பதே முறை.

தில்லி நேரு பிளேசில் உள்ள பகார்பூர் வணிக மையம் இவ்வகையில் பலரும் சுட்டும் கட்டடமாகும். அதனை நடத்திய கமல் மீட்டல், தில்லிக் காற்று தமக்கு ஒவ்வாமல் நுரையீரலின் திறன் நூற்றுக்கு 70 ஆகக் குறைந்துவிட்டதாக வைத்தியர் கூறியதை 2009இல் ஒரு மேடையில் எடுத்துரைத்தார். சுமார் 300 பேர் பணிபுரியும் அக்கட்டடத்தில் 1200 அளவில் தொட்டிச் செடிகள் வைக்கப்பட்டிருப்பதையும் அப்போது கூறினார். அதைக் கேட்டுச் செடி வாங்கியோர் பலர். ஆனால், அங்கே வெளிக்காற்றை நீரால் கழுவி வடிகட்டும் ஏற்பாடும் இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிட்டனர். செடிகள் மட்டும் காற்றோட்டத்திற்கு ஈடாகவேண்டுமாயின், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்று பிற்கால ஆய்வு காட்டியது. செடி கண்ணுக்கு இனியது, வைத்துக்கொள்ளலாம். எப்போதும் ஈரமான தொட்டிமண் பூசணத்தை வளர்க்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

சிறு அலுவலகத்திலும் கடையிலும் பணியாற்றுவோர், நமக்கு இவ்வளவு வசதி இல்லையே என்று தளரவேண்டா. அவர்கள் செய்யத்தக்கவை எளியன. உலர்ந்த விளக்குமாற்றை நீக்கி, ஈரத்துணியால் தரையையும் மேசையையும் துடைக்கவேண்டும். அதுவும் பணியாளர் வருமுன் முடிந்துவிட வேண்டும். வாயிலில் கால்மிதி விரித்து, அதனை வெளியே கொண்டுபோய் உதறவேண்டும். ஏ.சி.யின் வலையை இப்பருவத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி உலர்த்தவேண்டும். கூலரின் தட்டியை ஆண்டுதோறும் மாற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பின்னரே ஓட்டவேண்டும். காற்று அடங்கிய வேளையிலும், நல்ல மழை பெய்து ஓய்ந்த பின்னரும் சன்னல்களைத் திறந்து அறைக்காற்றை மாற்றலாம். இடியுடன் மழை தொடங்கும் வேளையில் மட்டும் மூடி வைத்தல் நலம். மகரந்தம் ஈரம் பட்டு வெடித்து நுண்துகள்களாகச் சிதறும் நேரம் அது.

காற்றுத் தூய்மைக் கருவி வாங்க எண்ணுவோர் ஒரு சிறு கணக்குப் போடவேண்டும். 20 அடி நீளமும், 15 அடி அகலமும், 10 அடி உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 3000 கன அடி. அதாவது 85 கன மீட்டர். அக்காற்று மணிக்கு ஐந்து முறையேனும் வடிகட்டப்பட வேண்டுமாயின், 425 கன மீட்டர் தூய காற்றைத் தரும் கருவி வேண்டும். அவ்வெண் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அதில் 'ஹெபா' வகை வடிகட்டி இருத்தல் வேண்டும். அது 0.3 மைக்ரான் துகள்களையும் நூற்றுக்கு 99.97 பங்கு பிடிப்பது. ஓசோன் வாயுவை உண்டாக்கும் கருவிகளை வாங்கலாகாது. ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும். நம் கடைகளில் காலைதோறும் படத்தின்முன் ஏற்றும் ஊதுவத்தியும் சாம்பிராணிப் புகையும், நறுமணத் தெளிப்பான்களும், ஏற்கெனவே புண்பட்ட மூக்கை மேலும் வருத்துவன. இவ்விரு மாதங்கள் விளக்கொன்றை ஏற்றி வணங்கினால் வழிபாடு குறைந்துவிடாது.

இவற்றுக்கெல்லாம் காலம் உண்டு. தும்மல் தொடங்கிய பிறகு தூய்மை செய்யப் புகுவது வெள்ளம் வந்த பின் அணை போடுவது போலாம். ஜனவரி இறுதிக்குள் பழைய கோப்புகளையும் அலமாரிகளையும் துடைத்து, பிப்ரவரி முதல் வாரத்தில் புது வடிகட்டி பொருத்தி, ஏப்ரலில் அதனை மீண்டும் பார்வையிடுதல் தில்லிக்குப் பொருத்தமான முறை. பிற நகரங்களில் உள்ள நம்மவர் அவ்வவ்வூர்ப் பருவத்தை அறிந்துகொள்ளவேண்டும். சண்டிகரில் எம்மாதத்தில் எம்மகரந்தம் மிகும் என்னும் காலக்குறிப்பை ஆய்வாளர் அண்மை ஆண்டுகளில் தொகுத்துள்ளனர். மும்பை போன்று ஈரம் மிகுந்த நகரங்களில் மகரந்தத்தோடு பூசணத்தையும் தூசிப்பூச்சியையும் கருதவேண்டும். அங்கே கசிவையும் ஈரத்தையும் நீக்குவதே முதல் வேலை.

கட்டடத்தைச் சீர்செய்வது வைத்தியத்திற்கு மாற்று அன்று. ஜலதோஷம் ஒரு வாரத்தில் நீங்கும். காய்ச்சலும் உடல்வலியும் கூட வரலாம். ஒவ்வாமையோ காய்ச்சலின்றி வாரக்கணக்கில் நீடித்து, கண்ணிலும் மூக்கிலும் அரிப்பைத் தந்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும். அதனைக் கவனியாது விட்டால் சிலருக்கு ஆஸ்துமாவும் சேரக்கூடும். இரவில் இளைப்போ, மார்பில் சீழ்க்கை ஓசையோ கேட்டால் வைத்தியரை அணுகத் தாமதிக்கலாகாது. தாமாக வாங்கி உண்ணும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கத்தைத் தருவன. வண்டி ஓட்டுவோரும் கணக்கு எழுதுவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

எங்கள் இளைஞருக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிப்போம். அவருடைய நாற்காலி சன்னலருகே இருந்தது. சன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தொலைவில் ஓர் ஆயா மரம். தலைக்கு மேலே ஏ.சி.; அதன் வலையைக் கழற்றியபோது கம்பளித் துண்டு போல் தூசி திரண்டிருந்தது. முதுகுக்குப் பின்னே கோப்பு அலமாரி. ஒன்பதரை மணிக்குப் பெருக்கும் அம்மையார் எழுப்பிய தூசி அடங்குமுன்னே அவர் வந்து அமர்வார். நாங்கள் கட்டட மேலாளருக்கு எழுத்து மூலம் வேண்டுகோள் விடுத்தோம். இரண்டு நினைவூட்டுக் கடிதங்களுக்குப் பின் பதில் வந்தது. நாற்காலியை இடம் மாற்றுவதற்கும், ஈரத்துணிக்கும், வலை கழுவுவதற்கும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. பெருக்கும் வேலை எட்டு மணிக்கு மாறியது. விளக்குமாற்றுக்குப் பதில் ஈரத் துடைப்பம் வந்தது. இளைஞர் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்று, வைத்தியர் அளித்த மூக்குத் தெளிப்பு மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தினார்.

அடுத்த மார்ச்சில் அவருக்குத் தும்மல் அறவே நின்றுவிடவில்லை. ஆனால் இரவில் இளைப்பு வரவில்லை. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. அவர் இன்றும் தில்லியில்தான் பணியாற்றுகிறார். பெருக்கும் அம்மையாரும் தமக்கு நெடுநாளாக இருந்த இருமல் குறைந்துவிட்டதென்று இந்தியில் சொன்னார். அவருக்கு இருமல் இருந்ததை அதுவரை எங்களில் ஒருவரும் கேட்டறிந்ததில்லை. பிறர் சுவாசிக்கும் காற்றைத் தூய்மை செய்பவரே அந்தத் தூசியை முதலில் சுவாசிக்கிறார். ஆகவே, வரும் ஜனவரியில் உங்கள் கட்டடத்தின் வடிகட்டியைப் பற்றிக் கேட்கும்போது, அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.